காற்றுக் குறைந்த இடம்

என் வீட்டுக்காரர் சன்னாசியின் ரத்தத்தில் இப்போது நோய் தெரியவில்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. அவர் சந்தோஷத்தில் டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோய் தெரியவில்லையாம், ஆனால் இன்னும் இரண்டு தடவை வார்டில் படுத்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். அடுத்தது இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமையாம். நோய் தெரியாதவனுக்கு எதற்கு மருந்து என்று கேட்டேன். அதுதான் விதிமுறை, 'புரோட்டோகோல்' என்றார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அமுக்கிவிட்டார்.

பெடாஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கேட்டில் காவல் வேலை பார்க்கிறவள் நான். பெயர் பஞ்சாலை. குலை ஏற்றிய லாரி எதுவும் நான் சீட்டுக்கு அடியில் பார்க்காமல் கேட்டைத் தாண்டியதில்லை. மேனேஜர் காரைக்கூட நிறுத்தியிருக்கிறேன். பாசாரில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, பிறகு மீன்காரனையும் ஒரு பார்வை பார்ப்பேன். அதனால் 'செக்கிங்' என்று எனக்குத் தோட்டத்தில் ஒரு பட்டப்பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். இந்த மனிதர் டிராக்டர் ஓட்டிவிட்டு வந்து, ஈறில் ரத்தம் வருகிறது, ஒன்றுமில்லை என்று சொன்னபோது நம்பாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவளும் இந்தச் செக்கிங்தான்.

அங்கே ரத்தப் புற்றுநோய் என்றார்கள். முதல் தடவை மருந்து ஏற்றியபோது முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் இறங்காமல் கிடந்தார். அந்தப் படுக்கையில்தான் வேண்டிக்கொண்டார். உயிரோடு வீடு திரும்பினால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூக்குழி இறங்குவதாக. நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். ஆத்தாளைச் சந்தேகப்படும் அளவுக்கு நான் இன்னும் போகவில்லை.

இப்போது நோய் தெரியவில்லை என்று சொன்னதும் அவருக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டால் கணக்குத் தீர்ந்தது, இனி ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன் என்றார். ஆத்தா குணமாக்கிவிட்ட பிறகு ஊசிக்குக் கையை நீட்டினால் அவளை நம்பவில்லை என்றுதானே அர்த்தம் என்று என்னையே கேட்டார். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் கோயிலில் தீமிதிக்குப் பத்து நாள் முன்னால் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் தீ மிதிக்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. காப்புக் கட்டு ஞாயிற்றுக்கிழமை காலை. மருந்துக்குப் போக வேண்டியது மறுநாள்.

கோயில் தலைவர் அமிர்தலிங்கம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி, இவரை முதல் ஆளாகக் குழியில் இறக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் கைவிட்டவனை ஆத்தா காப்பாற்றினாள் என்று லுக்குட் டவுன் வரைக்கும் பேச்சு. எந்த டாக்டர் கைவிட்டான்? திங்கட்கிழமை வா என்றல்லவா சொல்லியிருக்கிறான்? நான் இப்படிக் கேட்டால் கிராணி என் தலைக்கு மேலே பார்த்துப் பேசுவார்.

கிராணியின் மகள் மாதவி மேல்தான் எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். அவள் படித்து, எங்கள் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ரத்தப் புற்றுநோய் பற்றி வேலை பார்க்கிறாள். முதலில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்தபோதே சின்னக் குப்பியோடு வந்து, ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் வேண்டும் மாமா என்று கேட்டாள். தெரிந்த பிள்ளை ஆயிற்றே என்று இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சரி, அப்போது நோய் இருந்தது. நோய் தெரியவில்லை என்று சொன்ன பிறகும் வந்து இன்னொரு குப்பி வாங்கிக்கொண்டு போனாளே, அது எதற்கு?

பெடாஸ் கடைத்தெருவில் ஒருவன், மஜ்ஜையெல்லாம் சிங்கப்பூருக்கு விலைக்குப் போகிறது என்றான். அவன் வாயைத் திறந்தாலே பொய், தெரியும். ஆனால் போன வெள்ளிக்கிழமை கோயிலில் மாதவி என்னைப் பார்த்துவிட்டு, தெரியாத மாதிரி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். கேட்டில் நிற்கிறவளுக்கு அந்த ஒதுங்கல் போதும். அப்பன் கயிற்றோடு நிற்கிறான், மகள் குப்பியோடு நிற்கிறாள், நடுவில் என் புருஷன் மாட்டிக்கொண்டான் என்றே எனக்குப் பட்டது.

காப்புக் கட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வேறு சாக்கு எதுவும் சொல்லவில்லை, மாதவியைப் பார்க்கப் போகிறேன் என்றே அவரிடம் சொல்லிவிட்டு ரெம்பாவில் கொமுட்டர் ரயில் ஏறினேன். அவர் சிரித்தார். பாவம், அந்தப் பிள்ளையின் சீட்டுக்கு அடியிலும் பார்க்கப் போறியா என்று கேட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் என்னைப் பார்த்ததும் மாதவியின் முகம் வெளுத்துவிட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரின் மஜ்ஜையை என்ன செய்கிறாய், எனக்குக் காட்டு, காட்டாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்றேன். அவளுக்கு மேலே இருக்கிற பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு அங்கியை எடுத்து என் மேல் மாட்டிவிட்டு, எதையும் தொடக்கூடாது அத்தே என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

குளிர்பதனப் பெட்டி மாதிரி இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆனால் உள்ளே குளிர் இல்லை, நம் உடம்புச் சூடாம். ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் உயரச் சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரில் கட்டியிருந்தார்கள். சிலிண்டர் எதற்கு என்றுதான் முதலில் கேட்டேன்.

"அதுல நைட்ரஜன் அத்தே. அத உள்ள விட்டு ஆக்சிஜன வெளிய தள்றோம். இந்தப் பெட்டியில நாம மூச்சு விடற காத்து. அந்தப் பெட்டியில காத்து இருக்கு, ஆனா ஆக்சிஜன் ரொம்பக் கம்மி. எலும்புக்குள்ள மஜ்ஜையில சில மூலைங்க அப்படித்தான் இருக்கும்."

எலும்புக்குள் காற்றுக் குறைந்த மூலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக இந்த நோயின் செல்லை வெளிக்காற்றில் வளர்த்துத்தான் உலகம் முழுக்க மருந்தைச் சோதித்துப் பார்த்தார்களாம். அது உடம்புக்குள் இருக்கிற இடமே வேறு, அங்கே அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் இவள் வேலையாம்.

இரண்டு பெட்டியிலிருந்தும் ஒவ்வொரு குப்பி எடுத்துக் காட்டினாள். சாதாரணக் காற்றில் இருந்த குப்பி கலங்கிக் கிடந்தது. செல் பெருகிப் பெருகி அப்படியாம். காற்றுக் குறைந்த பெட்டியிலிருந்து வந்த குப்பி பளிச்சென்று தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. காற்றைக் குறைத்தால் நோய் செத்துவிடுகிறதா என்று கேட்டேன். மாதவி அதை நுண்ணோக்கிக் கருவிக்கு அடியில் வைத்து, திரையைப் பார்க்கச் சொன்னாள்.

உருண்டை உருண்டையாக இருந்தன. கம்மிதான். ஆனால் ஒவ்வொன்றும் ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று, நிம்மதியாக உட்கார்ந்திருந்தன.

பிறகு மருந்து போட்ட குப்பிகளைக் காட்டினாள். இவருக்கு ஏற்றுகிற வகை மருந்துதானாம். சாதாரணக் காற்றில் இருந்தவை நொறுங்கித் தூளாகிக் கிடந்தன. காற்றுக் குறைந்த பெட்டியில் இருந்தவையிலும் தூள் இருந்தது. ஆனால் தூளுக்கு நடுவே அங்கங்கே அந்த உருண்டைகள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

"ஆக்சிஜன் கம்மியானா இதுங்க வளர்றது கொறஞ்சுருது அத்தே. உள்ளுக்குள்ள ஒவ்வொரு ஜீனும் ஒரு சுவிட்சுனு வச்சுக்குங்க. சிலது அணைஞ்சுருது, சிலது புதுசா எரியுது. செல்லே வேற மாதிரி ஆயிருது. அந்த மருந்து வேகமா வளர்றதத்தான் புடிக்கும். இதுங்க வளராம குந்திக்கிட்டு இருக்கறதால கொஞ்சம் தப்பிச்சுக்குது."

"தப்பிச்சு?"

"ரத்தத்துல தெரியாது. மஜ்ஜையில எடுத்துப் பாத்தாலும் ஊசி குத்துன எடத்துல இல்லனா தெரியாம போவலாம். அப்பறம் ஒரு நாளைக்கு எந்திரிச்சு வளர ஆரம்பிக்கும்."

எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது. ஆனால் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தாள். இது எங்கள் வீட்டுக்காரருடையதா என்று திரையைக் காட்டிக் கேட்டேன். இல்லை என்றாள். எப்போதோ எந்த நாட்டிலோ இருந்த ஒரு நோயாளியின் செல்லாம், ஆள் போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் அது மட்டும் குப்பி குப்பியாக வளர்ந்துகொண்டிருக்கிறதாம். இவருடையது வேறு பலருடையதோடு உறைபெட்டியில் இருக்கிறது, எண் மட்டும்தான் உண்டு, எந்த எண் யாருடையது என்று தனக்கே தெரியாது என்றாள். நான் உறைபெட்டியையும் ஒரு தடவை பார்த்தேன். பூட்டியிருந்தது.

பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் உடம்புக்குள் இது இருக்கிறதா, இல்லையா?

"எனக்குத் தெரியாது அத்தே. டாக்டருக்கும் தெரியாது. தெரியாததாலதான் இன்னும் ரெண்டு தடவ மருந்து."

இந்த நோய் வந்த நாளிலிருந்து எல்லாரும் தெரியும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்குத் தெரியும், கிராணிக்குத் தெரியும், கடைத்தெருக்காரனுக்கும் தெரியும். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். அதனால் இவளை நம்பினேன். கோயிலில் ஏன் ஒதுங்கினாய் என்று கேட்டதற்கு அவள் கண் கலங்கிவிட்டது. மாமா மருந்தை நிறுத்தப் போகிறார் என்று அப்பா பேசும்போதே அவள் காதில் விழுந்ததாம். சிகிச்சையைப் பற்றி நோயாளி குடும்பத்தோடு பேசுவது அவள் வேலை இல்லையாம், பேசினால் வேலைக்கே ஆபத்தாம். அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாளாம். படித்த திமிரில் கோயிலுக்கு எதிராகப் பேசுகிறாய் என்று கத்தினாராம். உங்கள் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன், அதனால்தான் ஒதுங்கினேன் என்றாள். மஜ்ஜையை விற்கிறாள் என்று நினைத்த என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, சிலிண்டர், தெளிந்த குப்பி, உருண்டை எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, அது யாரோ வெள்ளைக்காரனுடைய செல், அவனுக்கு ஆத்தாவைத் தெரியாது, எனக்குத் தெரியும் என்றார். தூரத்துப் பாசாருக்கு வழி சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நான் கத்தினேன், அழுதேன், சோறு வடிக்கவில்லை. போன தடவை மருந்துக்குப் பிறகு இன்னும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏறவில்லை, காலில் தீக்கொப்புளம் வந்தால் அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆத்தா இறக்கிவிட்டால் கொப்புளம் வராது என்றார்.

மறுநாள் கிராணி வீட்டுக்குப் போய், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் இறங்கட்டும் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை. கிராணி என் தலைக்கு மேலே பார்த்தபடி, இறங்குகிறவன் வாயால் வேண்டாம் என்று சொல்லட்டும், நான் யார் தடுப்பதற்கு என்றார். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பொய்யாக நம்பவில்லை, உண்மையாகவே நம்பினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயிலில் கூட்டம் நெருக்கியது. பூக்குழி இறங்குகிறவர்கள் மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றார்கள். முதலில் என் வீட்டுக்காரர். வேட்டி இடுப்பில் நிற்காமல் மேலே ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். தலையில் முடி இப்போதுதான் குழந்தைக்கு மாதிரி முளைத்திருந்தது. பூசாரி மாயாண்டி மஞ்சள் கயிற்றைக் குங்குமத்தில் தோய்த்து எடுத்தார். இவர் கையை நீட்டினார்.

நான் கோயில் படிக்கு வெளியே, பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று அந்த நிமிஷம்வரை எனக்கே தெரியாது.

"பூசாரி, கட்டாதீங்க. நான் வீட்டுக்குத் தூரம். தெரியாம காலையில அவருக்கு என் கையால கஞ்சி ஊத்திட்டேன்."

மேளம் நின்றுவிட்டது. என்னைச் சுற்றி நின்ற பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு விலகினார்கள். எங்கள் கோயிலில் இது கறாரான விதி. தீட்டுக் கையால் அன்றைக்குச் சாப்பிட்டவனுக்கு அந்த வருஷம் காப்புக் கிடையாது. யாரும் கேள்வி கேட்க முடியாது. எப்படிக் கேட்பார்கள்? பேரப்பிள்ளை எடுக்கிற வயசில் இப்படிக் கூட்டத்தில் சொல்கிறாளே என்று பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காதெல்லாம் எரிந்தது. கூச்சம் பிடுங்கித் தின்றது.

எனக்கு அது நின்று இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இது தெரிந்த ஒரே ஆள் கையை நீட்டியபடி அம்மன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். அவள் பொய் சொல்கிறாள், கட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் கயிறு ஏறியிருக்கும், என் மானமும் அங்கேயே போயிருக்கும். கிராணிக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். சன்னாசி, உண்மைதானா, காலையில் அவள் கையால்தான் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் மாரியாத்தாளைப் பார்க்கவில்லை, அவர் வாயைத்தான் பார்த்தேன்.

"சாப்பிட்டேங்க ஐயா," என்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வரிசையை விட்டு இறங்கினார்.

கோயிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த இடத்துக்கு அவர் முன்னால் நடந்தார். நான் பத்தடி தள்ளியே போனேன். பார்க்கிறவர்களுக்காகத் தள்ளி நடந்தேனா, அவருக்குப் பயந்து தள்ளி நடந்தேனா, தெரியவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஆத்தா முன்னால் பொய் சொன்ன வாய் வெந்து போகும் என்று சொல்வார், நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம் என்று வார்த்தையைத் தேடி வைத்திருந்தேன்.

அவர் மோட்டார் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"ஊரே பொய் சொல்லுதுன்னு நீதான் சொல்லுவ பஞ்சாலை. நீ பொய் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இன்னிக்கி ஆத்தா முன்னாலயே சொல்ற." என் பக்கம் திரும்பினார். "அப்ப, உள்ள இருக்குதா?"

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் எனக்கு வரும் போலிருக்கிறது.

"தெரியலங்க," என்றேன். "இருக்கலாம். யாருக்கும் தெரியல."

அவர் தலையை ஆட்டினார். மஞ்சள் வேட்டியின் நுனியை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வைதான் துடைக்கிறார் என்று நினைத்தேன். துடைத்து முடித்த பிறகும் முகத்தை மூடியபடியே நின்றார். தோள் குலுங்கியது. வார்டில் வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்தபோதுகூட அழாத மனிதர்.

"நாளைக்கு நீயும் கூட வா," என்றார் துணிக்குள்ளிருந்தே. "தனியா அங்க படுத்துக் கெடக்கறதுக்கு என்னால முடியல. அதுக்குத் தீயில எறங்கிப் போயிரலாம்னுதான் இருந்தேன்."

பெட்டியைச் சந்தேகப்பட்டேன், குப்பியைச் சந்தேகப்பட்டேன், ஒரு சின்னப் பெண்ணைத் திருடி என்றேன். இந்த மனிதர் பயந்து போயிருக்கிறார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தீட்டுக்காரி தொடக்கூடாது என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கிட்டே போய் அவர் முதுகில் கை வைத்தேன். எலும்பாக இருந்தது. நான் வருகிறேன் என்று சொன்னேன், அவர் மோட்டாரில் ஏறும்வரை கையை எடுக்கவில்லை.